வரிசை மாறியது, பேச்சு மாறியதா? 2020 ஃபேஸ்புக் பரிசோதனை: ஒரு மறுவாசிப்பு

சமூக ஊடகங்களில் பொருளுள்ள பொது உரையாடல் நடக்குமா என்ற விவாதத்தில், அண்மைக் காலமாக ஒரு கருத்து வலுப்பெற்று வருகிறது. மக்கள் ஏற்கெனவே பிளவுபட்டுக் கிடக்கிறார்கள். தளம் அதைக் காட்டுகிறது, அவ்வளவுதான். அதன் அமைப்பை எப்படித் திருத்தினாலும் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது என்பது அக்கருத்து. இதற்குச் சான்றாகத் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டப்படுவது 2023 ஜூலையில் 'சயின்ஸ்' இதழில் ஆண்ட்ரூ கெஸ் முதலானோர் வெளியிட்ட கட்டுரை. அது கவனமான, நேர்மையான ஆய்வு. ஆனால் அதன் தலையில் ஏற்றப்படும் முடிவை அது தாங்காது என்று கருதுகிறேன்.

அந்த ஆய்வில், 2020 அமெரிக்க அதிபர் தேர்தலையொட்டி, ஒப்புதல் தந்த ஃபேஸ்புக் பயனர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் அல்காரிதம் அடுக்கித் தரும் ஃபீட் நிறுத்தப்பட்டு, புதிய பதிவு மேலே வரும் கால வரிசை தரப்பட்டது. மூன்று மாதங்களுக்குப் பின் அளந்து பார்த்தபோது, எதிர்க்கட்சியினர் மீதான வெறுப்பிலோ கொள்கை நிலைப்பாடுகளிலோ அரசியல் அறிவிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

அதே கட்டுரை வேறு சிலவற்றையும் சொல்கிறது. கால வரிசைக்கு மாறியவர்கள் தளத்தில் செலவிட்ட நேரம் குறைந்தது. அரசியல் பதிவுகளும், நம்பகமற்ற மூலங்களிலிருந்து வந்தவையும் அவர்கள் கண்ணில் கூடுதலாகப் பட்டன. ஃபேஸ்புக்கில் அவர்கள் கண்ட வசைச் சொற்களும் அநாகரிகமான பதிவுகளும் குறைந்தன. மிதவாத நண்பர்களின் பதிவுகளும், பல கட்சியினரும் படிக்கும் மூலங்களின் பதிவுகளும் கூடின. நல்லதும் கெட்டதும் கலந்த இந்த மாற்றங்கள் சிறியவையல்ல. யார் யாரைக் கேட்கிறார்கள், எந்தத் தொனியில் கேட்கிறார்கள் என்பதே மாறியிருக்கிறது. உரையாடலைப் பற்றிக் கேள்வி கேட்பவருக்கு விடை இங்கேதான் தொடங்குகிறது. தனிமனிதரின் மனநிலை மூன்று மாதத்தில் அசையவில்லை என்பது வேறு கேள்விக்கான விடை. அதைக் கொண்டுவந்து இங்கே பொருத்துவதுதான் பிழை.

இதைவிட ஆழமான சிக்கல் பரிசோதனையின் வடிவத்தில் இருக்கிறது. மாற்றம் தனி ஆட்களுக்குத் தரப்பட்டது. அவர்களைச் சூழ்ந்தவர்களுக்குத் தரப்படவில்லை. ஒஹாயோவில் கால வரிசைக்கு மாற்றப்பட்ட ஒருவரை எண்ணிக்கொள்வோம். அவருடைய ஃபீடில் மைத்துனரின் பதிவு இப்போது எழுதப்பட்ட நேரத்துக்குரிய இடத்தில் வருகிறது. ஆனால் மைத்துனர் அதை எழுதியது பழைய அல்காரிதத்தை நம்பித்தான். எது லைக்கும் கமென்ட்டும் வாங்கும், எப்படிச் சீண்டினால் ஷேர் ஆகும் என்று பல ஆண்டுகளில் படிந்த பழக்கம் அந்த வாக்கியங்களில் இருக்கிறது. அதன் கீழ் வந்து மோதும் கமென்ட்டுகளை எழுதியவர்களும் பழைய ஃபீடில் இருப்பவர்களே. வாசகருக்கு வரிசை மாறியது. பேசுபவர்களுக்கு எதுவும் மாறவில்லை. எல்லோருக்கும் ஒருங்கே மாறியிருந்தால் என்ன பேசியிருப்பார்கள் என்பதை இந்த வடிவத்தால் அறியவே முடியாது. இந்த வரம்பை ஆசிரியர்கள் மறைக்கவில்லை. அவர்களை மேற்கோள் காட்டுவோர்தான் அதை விட்டுவிடுகிறார்கள்.

பழைய ஃபீடிலேயே விடப்பட்ட ஒப்பீட்டுக் குழுவும் கேள்விக்குரியதே. 2018 ஜனவரியில் உரையாடலை வளர்ப்பதாகச் சொல்லி ஃபேஸ்புக் தன் அல்காரிதத்தை மாற்றியது. கமென்ட்டுகளைத் தூண்டும் பதிவுகள் மேலெழுந்தன. கோப முகக் குறிக்கு ஒரு காலத்தில் லைக்கைப் போல் ஐந்து மடங்கு எடை இருந்ததையும், 2020 செப்டம்பரில் அது பூச்சியமாக்கப்பட்டதையும் 2021இல் வெளியான உள் ஆவணங்கள் காட்டின. பரிசோதனை தொடங்கியதும் அதே செப்டம்பரில்தான். தேர்தலையொட்டி நிறுவனம் நெருக்கடிக்கால மாற்றங்களையும் புகுத்தியது. 2024இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஒரு மறுப்புக் கடிதம் இதைச் சுட்டிக்காட்டியது. தங்கள் முடிவுகள் சரியே என்று ஆசிரியர்கள் பதிலளித்தார்கள். அந்த மாதங்களுக்கு அவை சரியாகவே இருக்கலாம். ஆனால் கால வரிசையோடு ஒப்பிடப்பட்டது, வழக்கத்தைவிடத் தணிக்கப்பட்ட ஓர் அல்காரிதம். வழக்கமான அல்காரிதத்தோடு ஒப்பிட்டிருந்தால் வேறுபாடு கூடியிருக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். கூடியிருக்காது என்று சொல்லவும் யாருக்கும் ஆதாரம் இல்லை.

அமைப்பு பேச்சை மாற்றும் என்பதற்கு எதிர்த்திசையிலிருந்து ஒரு சான்று உண்டு. 2015இல் தைவானில் ஊபர் சேவையை எப்படி ஒழுங்குபடுத்துவது என்ற சச்சரவை வி-தைவான் (vTaiwan) என்ற பொதுக் கலந்தாய்வு முயற்சியின் குழுவினர் போல்.இஸ் (Pol.is) என்ற மென்பொருளில் விவாதத்துக்கு வைத்தார்கள். அதில் பதில் எழுதும் வசதியே இல்லை. ஒருவர் தன் கருத்தை ஒரு வாக்கியமாக முன்வைக்கலாம். மற்றவர்கள் அதை ஏற்கலாம், மறுக்கலாம், தாண்டிப் போகலாம். ஒத்த வாக்களிப்புள்ளவர்களை மென்பொருள் குழுக்களாகப் பிரித்துத் திரையில் காட்டும். எதிராளியைத் தாக்க வழியில்லாததால், இரு தரப்பும் ஏற்கும்படி வாக்கியத்தைத் திருத்தி எழுதுவதே ஆதரவு திரட்ட எஞ்சிய வழி. பயணியின் பாதுகாப்பு, காப்பீடு போன்றவற்றில் இணக்கம் உருவாயிற்று. 2016இல் வந்த விதிமுறைகளில் அதன் தடம் இருக்கிறது.

தைவான் சிறிய தீவு, அங்கே அரசு ஒத்துழைத்தது என்ற மறுப்பு எப்போதும் வரும். அதற்கு நீண்ட பதில் தேவையில்லை: அமைப்பால் ஒன்றும் ஆகாது என்ற பொதுவிதியைத் தகர்க்க ஓர் எதிர்ச்சான்றே போதும். பங்கேற்றவர்கள் தாமாக முன்வந்தவர்கள் என்பது இன்னும் கனமான மறுப்பு. ஆர்வமற்றவர்களிடம் இதே இணக்கம் கிடைக்குமா என்பதை அந்தச் சான்று சொல்லவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இனி செய்ய வேண்டிய பரிசோதனையின் வடிவம் தெளிவாகவே இருக்கிறது. தனி ஆட்களுக்குப் பதில், ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் வட்டங்களை முழுதாக மாற்ற வேண்டும்: ஓர் ஊரின் குழுக்கள், ஒரு சிறு மொழியின் பயனர்கள். மனப்பான்மைக் கேள்விகளோடு, மறுத்துப் பேசியவருக்குப் பதில் வந்ததா, பதில் வந்தபின் அவர் தொடர்ந்தாரா, தன் நிலையைத் திருத்திச் சொன்னாரா என்பதையும் அளக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம், 40ஆவது பிரிவில், பெருந்தளங்களின் தரவைக் கேட்டுப் பெறும் வழியை ஆய்வாளர்களுக்குத் திறந்திருக்கிறது. ஆனால் ஃபீடை மாற்றிப் பார்க்கும் உரிமையை அது தரவில்லை. அந்த உரிமை இன்னமும் நிறுவனங்களின் கையில்தான் இருக்கிறது.