இசைபாடி வாழ்தல்

இசை பாடுதலையே வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ள விழையும் இளைஞர் எக்காலத்தும் உளர். அவர்தம் பெற்றோர்க்கு இரண்டு ஐயங்கள் எழுதலும் எக்காலத்தும் உண்டு. பாட்டைக் கூலிக்குப் பாடுதல் பெருமைக்கு ஏற்குமோ என்பது ஒன்று. பாடிப் பெறும் பொருள் உண்ணவும் உடுக்கவும் போதுமோ என்பது மற்றொன்று. புதுவையைச் சார்ந்த சாரத்திலும் அதனையடுத்த பகுதிகளிலும் வாழும் சைவ நன்மக்கள் இவ்விரண்டையும் வரலாற்றின் துணைகொண்டு ஆராய்தல் பயனுடைத்து. புராணமும் கல்வெட்டும் அண்மைக்கால நிகழ்ச்சிகளும் இதன்கண் நமக்குச் சான்று பகர்கின்றன.

முதற்கண் புராணச் சான்றினைக் காண்போம். எருக்கத்தம்புலியூரில் தோன்றிய திருநீலகண்ட யாழ்ப்பாணர் இசையையே குலத்தொழிலாகக் கொண்ட பாணர் மரபினர். அவர் தம் மனைவியார் மதங்கசூளாமணியாரோடு சீகாழி சென்று, வயதாற் சிறியரான திருஞானசம்பந்தப் பிள்ளையாரை அடைந்து, அவர் பாடும் பதிகங்களை யாழிலிட்டு வாசிக்கும் பேறு பெற்றார். பின்னர் இருவரும் தருமபுரம் என்னும் தலத்திற்கு எழுந்தருளினர். அது புதுவை ஆட்சிப்பகுதியைச் சேர்ந்த காரைக்காலை அடுத்துள்ளது; யாழ்ப்பாணரை ஈன்ற அன்னையார் பிறந்த ஊருமாம். ஆண்டுள்ள சுற்றத்தார், பதிகத்தின் பெருமை யாழினால் விளைந்ததென மொழிய, பாணர் மனம் நடுங்கிப் பிள்ளையாரிடம் விண்ணப்பித்தார். யாழின் நரம்பில் அடங்காத பதிகம் ஒன்று அப்பொழுதே பாடப்பெற்றது. யாழை முறிக்க ஓங்கிய பாணரைப் பிள்ளையார் தடுத்து, கருவியில் இயன்ற அளவு வாசித்தலே அமையும் என்று அருளினார். தொழிலாற் பாடுவோர்க்கு இதனினும் சிறந்த பாடம் வேறில்லை. தம் திறத்தின் எல்லையை அறிதல் வேண்டும். அறிந்தபின் கருவியை எறிந்துவிடாது தொடர்தலும் வேண்டும்.

பொருள் பெறுதல் பற்றிய ஐயத்தைத் திருவீழிமிழலை வரலாறு நீக்குகின்றது. பஞ்சகாலத்தில் அப்பரும் சம்பந்தரும் அத்தலத்து இறைவர்பால் நாடோறும் படிக்காசு பெற்று அடியார்க்கு அமுதளித்தனர். அப்பர் பெற்ற காசு வாசியின்றி மாறியது; சம்பந்தர் பெற்ற காசுக்கு வாசி கொடுக்க வேண்டியதாயிற்று. அப்பர் கையாற் செய்த திருத்தொண்டே இவ்வேற்றுமைக்குக் காரணமெனப் பெரியபுராணம் கூறும். காசு பெறுதல் இழிவாயின் இறைவர் அதனைத் தம் பாடகர்க்கு அளித்திரார். காசு நற்காசாவது தொண்டினால் என்பதே ஈண்டு அறியத்தகுவது. மதுரையில் பாணபத்திரரின் வறுமை தீர ஆலவாய்ப் பெருமானே சேரமான் பெருமாளுக்குத் திருமுகம் விடுத்ததும் இக்கருத்தையே வலியுறுத்தும். அத்திருமுகப் பாசுரம் பதினொராந் திருமுறையின் தலைப்பில் வைக்கப்பெற்றிருத்தல், பாடுவோன் பசியை நம் முன்னோர் எத்துணைப் பெரிதாகக் கருதினர் என்பதைக் காட்டுகின்றது.

இனிக் கல்வெட்டுக்களை நோக்குவாம். பல்லவன் நந்திவர்மன் காலத்துத் திருவல்லக் கல்வெட்டொன்று திருப்பதியம் பாடுவாரைக் குறிக்கின்றது. 985 முதல் 1014 வரை ஆண்ட முதல் இராசராச சோழன் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாடுதற்கு 48 பிடாரரையும், உடுக்கை வாசிப்பார் ஒருவரையும், கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவரையும் நியமித்தான். இவ்வைம்பதின்மரில் ஒவ்வொருவர்க்கும் நாள் ஒன்றுக்கு ஆடவல்லான் என்னும் மரக்காலால் முக்குறுணி நெல் அளிக்கப்பட்டது. 12 குறுணி ஒரு கலமாதலின், நாடோறும் பன்னிரண்டரைக் கலம் நெல் பாட்டிற்காகவே அளக்கப்பட்டதாயிற்று.

அக்கல்வெட்டில் நெல்லினும் சிறந்த செய்தி ஒன்றுண்டு. பாடுவாருள் ஒருவர் இறந்தாலோ வேற்றூர் சென்றாலோ அவர்தம் நெருங்கிய உறவினர் அவ்விடத்திற் பாடி நெல் பெறலாம். அவ்வுறவினர் தகுதியிலராயின் தகுதியுடைய வேறொருவரைக் கொண்டு பாடுவித்தல் வேண்டும். உறவினரே இலராயின் எஞ்சிய பாடகர் கூடித் தக்கார் ஒருவரைத் தேர்தல் வேண்டும். பிறப்புரிமை மதிக்கப்பட்டது, ஆயினும் தகுதியின்றிப் பாட எவர்க்கும் இடமில்லை. இளைஞன் ஒருவன் இத்தொழிலை நம்பிக் கற்கத் துணிதற்கு இதனினும் உறுதியான பிணை யாது?

விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூர்க் கல்வெட்டு இன்னும் உருக்கமானது. ஆண்டுத் திருப்பதியம் பாடக் கண்பார்வையற்றோர் பதினாறு பேரும், அவர்க்குக் கண்காட்டுவார் இருவரும் அமர்த்தப்பெற்றனர். வேறு தொழிலுக்கு உலகம் தகாதவரென ஒதுக்கியவரைப் பாட்டு வாழவைத்தது. அவர்க்கு வழிகாட்டினாரையும் அப்பாட்டே வாழவைத்தது.

பிற்காலத்தே இந்நிலை குலைந்தது. ஆட்சிகள் மாறின, கோயில் நிலங்களின் வருவாய் குன்றிற்று, ஓதுவார் ஊதியம் ஒரு குடும்பத்திற்குப் போதாதாயிற்று. இருபதாம் நூற்றாண்டில் நாடகமேடையும், கிராமபோன் தட்டும், பேசும் படமும், வானொலியும் பாடுவார்க்குப் புதிய புரவலராயின. அம்மாற்றத்தின் நடுவே வளர்ந்த இருவர் வரலாற்றை ஒப்பிட்டு நோக்குதல் நன்று. இருவரும் 1908-ஆம் ஆண்டிற் பிறந்தவர். இருவர் ஊரும் பாடல்பெற்ற தலம்.

ஒருவர் சிறுத்தொண்டர் வாழ்ந்த திருச்செங்காட்டங்குடியிற் பிறந்த எம். எம். தண்டபாணி தேசிகர். ஓதுவார் குடியினராதலின் திருமுறைப் பண்கள் அவர்க்கு இளமையிலேயே வாய்த்தன. பின்னர்க் கும்பகோணம் இராசமாணிக்கம் பிள்ளையிடம் இசை பயின்றார். 1936-இல் பட்டினத்தார் படத்தில் நடித்துப் பாடிப் புகழெய்தினார். மற்றவர் கொடுமுடியிற் பிறந்த கே. பி. சுந்தராம்பாள். வறுமை காரணமாகச் சிறுமியாயிருந்தபொழுதே புகைவண்டியிற் பாடிக் காசு பெற்றவர். பின் நாடகக் குழுவிற் சேர்ந்து இலங்கைவரை சென்று பாடினார். கணவர் எஸ். ஜி. கிட்டப்பா 1933-இல் மறைந்தபின் வெண்ணிற ஆடை பூண்டு ஒதுங்கியிருந்தார். ஆயினும் 1935-இல் வெளிவந்த நந்தனார் படத்தில் நந்தனாராகவே தோன்றினார். அதற்கு அவர் பெற்ற ஊதியம் ஓரிலட்ச ரூபாய் என்பர். 1942-இல் வெளிவந்த மற்றொரு நந்தனார் படத்தில் அவ்வேடம் பூண்டவர் தேசிகர்.

இருவரும் நந்தனாராகத் தோன்றியது சிந்தித்தற்பாலது. திருநாளைப்போவார் கோயில்களின் பேரிகைகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் அளித்தவர். உள்ளே எழும் இசைக்குக் கருவி தந்தவர் வெளியே நின்றார். ஆலயத்தின் நெல் பாடுவாரைத் தாங்காத காலத்தில், ஆலயத்திற்கு வெளியேயுள்ள மேடையில் அவர் வரலாற்றைப் பாடியே இருவர் வாழ்வு பெற்றனர். நாடகத்தையும் படத்தையும் முற்றும் பழிப்போர் இதனை மறத்தலாகாது.

எனினும் வெளிமேடை எளிதன்று. 1946-இல் திருவையாற்றுத் தியாகராசர் ஆராதனையில் தேசிகர் தமிழ்ப்பாட்டுப் பாடியமை பெருஞ் சர்ச்சைக்கு இடமாயிற்று. தமிழ்ப்பாட்டிற்கே தமிழ்நாட்டு அரங்கில் இடம் வேண்டிப் போராட நேர்ந்த காலம் அது. 1943-இல் சென்னையில் தோன்றிய தமிழிசைச் சங்கம் அக்குறையைப் போக்க முயன்றது. 1957-இல் தேசிகர்க்கு இசைப்பேரறிஞர் என்னும் பட்டமும் அளித்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைத்துறைத் தலைமையும் அவர் ஏற்றார். புதுவைக் கவிஞர் பாரதிதாசனின் 'துன்பம் நேர்கையில்' என்னும் பாடலுக்குத் தேச இராகத்தில் இசையமைத்தவரும் அவரே. புதுவை மக்கள் இதனை நினைத்தற்குரியர். சுந்தராம்பாள் சட்ட மேலவை உறுப்பினரானார்.

இவற்றால் அறியப்படுவன யாவை? பாடிப் பொருள் பெறுதல் இழிவன்று; தகுதியின்றிப் பெறுதலே இழிவு. பரம்பரை வாய்த்தார்க்கும் ஆசிரியரிடம் பயிற்சி வேண்டியிருந்தது. பரம்பரை இல்லார்க்கும் வழி திறந்தது. இருவர் புகழைக் கண்டு, பாடினார் அனைவரும் அவ்வாறு வாழ்ந்தனர் என எண்ணுதலும் பிழையாம். புகைவண்டியிற் பாடிய சிறுமியர்க்கெல்லாம் ஓரிலட்சம் கிடைத்ததில்லை. ஆதலின் கற்பிக்கும் பயிற்சியையோ பிறிதொரு கல்வியையோ இளைஞர் உடன்கொள்ளுதல் அறிவுடைமை.

கடன் இளைஞர்க்கு மட்டும் உரியதன்று. 2021-இல் சென்னையை அடுத்த மாடம்பாக்கத்துத் தேனுபுரீசுவரர் கோயிலில் பெண் ஓதுவார் ஒருவர் பணியமர்த்தப்பெற்றார். தகுதி நோக்கித் தேர்க என்ற தஞ்சைக் கல்வெட்டின் ஆணை இங்ஙனம் புதுவடிவு பெறுகின்றது. அவ்வாணையின் மற்றொரு பாதி முக்குறுணி நெல். நம்மூர்க் கோயில்களிற் பாடுவார்க்கு இந்நாளில் அந்நெல்லிற்கு ஈடான ஊதியம் கிடைக்கின்றதா என வினவி, குறையுண்டேல் கூடி நிரப்புதல் சைவ அன்பர் கடனாம். பாடலைக் கேட்டு உருகுதல் எளிது. பாடினார் இல்லத்தில் அடுப்பெரிகின்றதா என நோக்குதலும் அவ்வழிபாட்டின் பகுதியே. அந்நோக்கம் சாரத்திலும் பிறவூர்களிலும் தழைக்கத் திருவருள் துணைபுரிக.