திருமணக் கேக்கும் மாத்தளையின் வாசனையும்

மாத்தளை நகருக்கு வடக்கே, யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 நெடுஞ்சாலையில் உள்ளது பலாபத்வல. கறுவா, ஏலம், கராம்பு, சாதிக்காய் விளையும் மாவட்டம் இது. இலங்கைத் திருமணக் கேக்கின் மணமும் இந்த நான்கிலிருந்தே வருகிறது.

வாசனை உள்ளூருக்குரியது, பண்டமோ கடல் கடந்து வந்தது. கண்டி இராச்சியத்துடன் மாத்தளையும் 1815இல் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1840இல் விக்டோரியா மகாராணியின் திருமணத்துக்குச் சுமார் 300 இறாத்தல் எடையுள்ள கேக் செய்யப்பட்டது. ஆங்கிலேயரின் அந்த வழக்கம் நம்மவர் மணப்பந்தலுக்கும் வந்தது. எனினும் இலங்கையர் அதை அப்படியே ஏற்கவில்லை. கோதுமை மாவின் இடத்தை ரவை பிடித்தது. வாதுமைக்குப் பதிலாக, போர்த்துக்கேயர் பிரேசிலிலிருந்து ஆசியாவுக்குக் கொண்டுவந்த மரமுந்திரிகைப் பருப்பு சேர்ந்தது. சர்க்கரைப் பாகில் ஊறிய நீற்றுப்பூசணியும் உடன் சேர்ந்தது.

இன்று மண்டபத்தில் உயர்ந்து நிற்கும் அடுக்குக் கேக் பெரும்பாலும் ஐசிங் பூசிய ரெஜிபோம்தான். விருந்தினர் வீட்டுக்குக் கொண்டு செல்வது, தாளில் சுற்றிய சிறு துண்டையே. ஆகவே கேக் செய்பவரைத் தேடும் பெற்றோர் படங்களைப் பார்த்து மயங்காமல், அந்தத் துண்டைச் சுவைத்துப் பார்க்க வேண்டும். பழங்களை எத்தனை நாள் ஊறவைத்தார் என்று விசாரிக்க வேண்டும்.

மற்றொரு கேள்வியும் உண்டு. பிராந்தியும் முட்டையும் சேர்கின்றனவா? சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே வாழும் மாவட்டத்தில், எல்லோரும் தயங்காமல் உண்ணத்தக்க துண்டு வேண்டும். அதைக் கேட்காமலே நினைவூட்டும் கைவினைஞரே தகுந்தவர்.