உதகையும் நெடுந்தூர ஓட்டப் பயிற்சியும்

நெடுந்தூர ஓட்டத்தில் நேரத்தைக் குறைப்பதற்கு வீரர்கள் பல வாரங்கள் மலைப்பகுதியில் தங்கிப் பயிலும் முறை உயர்நிலப் பயிற்சி எனப்படுகிறது. இந்தியாவில் இம்முறைக்குப் பயன்பட்ட ஊர்களில் நீலகிரி மாவட்டத்தின் உதகமண்டலம் குறிப்பிடத்தக்கது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர் இது. 1968ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிகள் நடைபெற்ற மெக்சிகோ நகரமும் ஏறத்தாழ இதே உயரத்தில்தான் உள்ளது. உயர்நிலப் பயிற்சியின் வரலாறும் அந்த நகரத்திலிருந்தே தொடங்குகிறது.

மெக்சிகோ தந்த பாடம்

ஆஸ்திரேலியாவின் ரான் கிளார்க் 1965இல் 10,000 மீட்டரை 27 நிமிடம் 39.4 விநாடியில் ஓடி உலகச் சாதனை படைத்திருந்தார். மெக்சிகோவில் அவர் ஆறாவதாக வந்து, எல்லைக்கோட்டைத் தாண்டியதும் மயங்கி விழுந்தார். தங்கம் வென்ற கென்யாவின் நஃப்தாலி தெமு எடுத்துக்கொண்ட நேரமே 29 நிமிடம் 27.4 விநாடி. அதாவது வெற்றியாளரின் நேரமும் உலகச் சாதனையைவிட 1 நிமிடம் 48 விநாடி கூடுதல்.

அந்த ஒலிம்பிக்கில் 1,500 மீட்டர் முதல் மாரத்தான் வரையிலான ஆடவர் ஓட்டங்கள் அனைத்திலும் ஆப்பிரிக்கர்களே தங்கம் வென்றனர். அவர்களுள் பெரும்பாலோர் கென்யா, எத்தியோப்பியா ஆகிய உயர்நிலங்களைச் சேர்ந்தவர்கள். இந்தப் போட்டிகளுக்கு ஆயத்தமாகும் பொருட்டு பிரான்சு நாடு பிரனீஸ் மலையில் ஃபோன்ட் ரோமோ என்னும் இடத்தில் பயிற்சி மையம் ஒன்றை முன்னதாகவே அமைத்திருந்தது. 1968க்குப் பிறகு பிற நாடுகளும் மலைகளை நாடத் தொடங்கின.

உடலில் நிகழும் மாற்றம்

உதகை போன்ற உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவில் குறைகிறது. இதை உணரும் சிறுநீரகம் எரித்ரோபாய்ட்டின் என்னும் இயக்குநீரைக் கூடுதலாகச் சுரக்கிறது. அதன் தூண்டுதலால் எலும்பு மஜ்ஜை அதிகச் சிவப்பணுக்களை உருவாக்குகிறது. மூன்று, நான்கு வாரங்களுக்குப் பின் சமவெளிக்கு இறங்கும் வீரரின் குருதி, தசைகளுக்குக் கூடுதல் ஆக்சிஜனைச் சுமந்து செல்கிறது.

ஆனால் இதில் ஒரு சிக்கலும் உண்டு. மெல்லிய காற்றில் வேகமாக ஓட முடியாது. வேகப் பயிற்சி குறைந்தால் கால்கள் வேகத்தை மறந்துவிடும். இதற்கு அமெரிக்க ஆய்வாளர்கள் லெவின், ஸ்ட்ரே கண்டர்சன் ஆகியோர் 1997இல் வெளியிட்ட ஆய்வு விடை தந்தது. 2,500 மீட்டர் உயரத்தில் தங்கி, 1,250 மீட்டர் உயரத்திற்கு இறங்கிப் பயின்றவர்கள் 5,000 மீட்டர் ஓட்டத்தில் சராசரியாகச் சுமார் 13 விநாடி முன்னேறினர். ‘மேலே வாழ், கீழே பயில்’ என்னும் கொள்கை இவ்வாறு பரவியது.

இக்கொள்கைக்கு ஏற்ற நில அமைப்பு கொங்கு வட்டாரத்தின் அருகிலேயே இருக்கிறது. மேட்டுப்பாளையம் இரயில் நிலையம் 326 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து 46 கிலோமீட்டர் மலை இரயில் பாதை உதகையில் 2,203 மீட்டரை எட்டுகிறது.

உதகையில் தேசிய முகாம்

இந்தியப் பெண் நெடுந்தூர வீராங்கனைகளின் தேசியப் பயிற்சி முகாம் உதகையில் நடந்துள்ளது. பெலாரஸ் நாட்டைச் சேர்ந்த நிக்கோலாய் ஸ்னெசாரெவ் அதன் பயிற்சியாளராக இருந்தார். அவரிடம் பயின்ற மகாராட்டிரத்தின் லலிதா பாபரின் 3,000 மீட்டர் தடை தாண்டும் ஓட்ட (ஸ்டீபிள்சேஸ்) நேரங்கள் முன்னேற்றத்தைத் தெளிவாகக் காட்டுகின்றன.

2014, இஞ்சியோன் ஆசிய விளையாட்டு: 9 நிமிடம் 35.37 விநாடி
2015, பெய்ஜிங் உலகப் போட்டி: 9 நிமிடம் 27.86 விநாடி
2016, ரியோ ஒலிம்பிக்: 9 நிமிடம் 19.76 விநாடி

இரண்டே ஆண்டுகளில் 15 விநாடிக்கு மேல் குறைந்தது. ரியோவில் இறுதிச் சுற்றுக்குத் தகுதி பெற்ற அவர் பத்தாம் இடம் பிடித்தார். 1984இல் பி.டி. உஷாவுக்குப் பிறகு ஒலிம்பிக் தடகள ஓட்டத்தின் தனிநபர் இறுதியில் ஓடிய இந்தியப் பெண் இவரே. ஸ்னெசாரெவ் 2021 மார்ச்சில் பாட்டியாலாவில் காலமானார்.

சமவெளி மாணவருக்கு வழி என்ன?

தாராபுரம் 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில், அமராவதிக் கரையில் அமைந்த வெப்பமான ஊர். இங்கு ஓடும் பள்ளி மாணவர் எல்லோரும் மலையேறித் தங்க இயலாது. அதனால் அவர்களுக்கு வாய்ப்பு இல்லை என்று கருத வேண்டியதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த கோ. லட்சுமணன் 2017 புவனேசுவர் ஆசிய தடகளப் போட்டியில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் வென்றார். அவர் பிறந்த மண்ணும் வெயில் காயும் சமவெளிதான்.

வெயிலுக்கும் ஒரு பயன் உண்டு. வெப்பத்தில் சிறிது சிறிதாகப் பழகும் உடலில் குருதியின் நீர்மப் பகுதி கூடுகிறது, வியர்வை விரைவில் தொடங்கி உடல் குளிர்கிறது. எனினும் உச்சி வெயிலில் ஓடுவது ஆபத்தானது. காலை நேரமே ஏற்றது.

வாரத்தின் பெரும்பாலான ஓட்டம் பேசிக்கொண்டே ஓடக்கூடிய நிதான வேகத்தில் அமைய வேண்டும். வேக ஓட்டம் வாரம் ஓரிரு நாள் போதும். தூரத்தைச் சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும். நாள்தோறும் முழு வேகத்தில் விரட்டப்படும் மாணவர் ஒரு பருவம் வென்று, அடுத்த பருவம் காயத்தோடு விலகிவிடுவதுண்டு.

இரும்புச் சத்து எல்லாவற்றுக்கும் அடிப்படை. அது குறைந்தால் மலையில் தங்கினாலும் சிவப்பணு பெருகாது. வளரும் பெண்பிள்ளைகளிடம் இக்குறை மிகுதி என்பதால், காரணமின்றி நேரம் கூடிக்கொண்டே போகும் மாணவியைச் சோம்பேறி என்று கடிந்துகொள்வதற்கு முன் அவருடைய ஹீமோகுளோபின் அளவைப் பரிசோதிப்பது முறை. கம்பு, முருங்கைக்கீரை, பயறு வகைகள் ஆகியவற்றை நெல்லிக்காயுடன் சேர்த்து உண்பது இரும்புச் சத்தை உடல் ஏற்க உதவும். மருத்துவமனையில் அளவு குறைவு எனத் தெரிந்தால் மருத்துவர் தரும் மாத்திரையும் தேவைப்படும்.