பரீட்சை பயமும் ஹிப்னாடிசமும்: ஒரு சின்ன வரலாறு

ஹிப்னாடிசம்னாலே நமக்கு மேடை வித்தைதான் ஞாபகம் வருது. அதன் பூர்வகதை மெஸ்மரிடம் தொடங்குகிறது. அவர் சொன்ன 'காந்த சக்தி'யை 1784இல் பிரெஞ்சு மன்னர் அமைத்த குழு சோதித்தது. பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் லவாய்சியேயும் அதில் இருந்தார்கள். காந்தமும் இல்லை, ஒன்றும் இல்லை; எல்லாம் கற்பனையின் வேலை என்று தீர்ப்பு.

வேடிக்கை என்னன்னா, அந்தக் கற்பனையே பின்னாடி சிகிச்சை ஆச்சு. தென்னாப்பிரிக்க மனநல மருத்துவர் ஜோசப் வோல்பே 1958இல் வெளியிட்ட நூலில் ஒரு முறையை விளக்கினார். பயங்களைப் படிக்கட்டு மாதிரி வரிசைப்படுத்தணும். உடலைத் தளர்த்தணும், இதற்குப் பலரிடம் ஹிப்னாடிசத்தைப் பயன்படுத்தினார். பிறகு கீழ்ப்படியிலிருந்து ஒவ்வொன்றாகக் கற்பனையில் ஏறணும்.

பரீட்சை பயத்தால் திரும்பத் திரும்பத் தோற்ற ஓர் ஓவிய மாணவி அவரிடம் வந்தார். அவருடைய முதல் படி, பரீட்சைக்கு ஒரு மாதம் முன்பு. உச்சிப்படி வினாத்தாள் இல்லீங்க, பரீட்சை நாளில் பல்கலைக்கழகம் போகும் வழி! சிகிச்சைக்குப் பிறகு தேறிவிட்டார்.

1995இல் இர்விங் கிர்ஷ் குழுவினர், பல்வேறு பிரச்சினைகள் பற்றிய 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். உளவியல் சிகிச்சையோடு ஹிப்னாடிசமும் சேர்ந்தால் பலன் கூடுகிறது என்றார்கள். 'சேர்ந்தால்' என்பதுதான் இங்கே முக்கியம். ஹிப்னாடிசத்தால் மார்க் கூடும்னு யாராவது பணம் கேட்டால், கூடவே என்ன சிகிச்சை தர்றீங்கன்னு கேளுங்க.