வினவலும் ஆவணமும்: தகவல் மீட்பியல் வளர்ந்த வரலாறு

தகவல் மீட்பியல் என்பது, சேமித்து வைக்கப்பட்ட ஏராளமான ஆவணங்களிலிருந்து ஒருவர் கேட்பதற்குப் பொருத்தமானவற்றை எடுத்துத் தரும் முறைகளை ஆராயும் துறையாகும். கேட்பவர் தரும் சொற்கள் வினவல் எனப்படும். எந்த ஆவணம் ஒரு வினவலுக்கு எந்த அளவு பொருந்துகிறது என்று கணிப்பதே இத்துறையின் மையச் சிக்கல்.

இச்சிக்கலைப் புரிந்துகொள்ள விருதுநகர் மாவட்டத்தில் அருகருகே உள்ள இரண்டு ஊர்ப்பெயர்களே போதும். 'ராஜபாளையம்' என்று தேடுபவருக்கு ஊர் வேண்டியிருக்கலாம். அவ்வூரின் பெயரைத் தாங்கிய வேட்டை நாயினமும் வேண்டியிருக்கலாம். ஆழ்வார் பாசுரங்களில் ஸ்ரீவில்லிபுத்தூர் 'புதுவை' என்றும் வழங்கப்படுகிறது; இன்றோ புதுவை என்றால் பலரும் புதுச்சேரியையே நினைப்பர். ஒரு சொல்லுக்குப் பல பொருள், ஒரு பொருளுக்குப் பல சொல் என்னும் இவ்விரண்டு தடைகளைக் கடக்கும் முயற்சியே தகவல் மீட்பியலின் வரலாறு.

நூலகத்தில் தொடங்கிய கேள்வி

கணினிக்கு முன்பே இக்கேள்வியை நூலகர்கள் எதிர்கொண்டனர். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். நூலக அறிவியலின் ஐந்து விதிகளை 1931இல் நூலாக வெளியிட்டார். வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது அவற்றுள் நான்காவது விதி.

1933இல் அவர் கோலன் பகுப்பு முறையை வெளியிட்டார். ஒரு நூலை ஒரே தலைப்பின் கீழ் அடைக்காமல், அதன் பொருளைப் பல முகங்களாகப் பிரிப்பது இம்முறை. ராஜபாளையத்தில் 1936இல் நூற்பாலை தொடங்கப்பட்டதைப் பற்றிய ஒரு நூலை எடுத்துக்கொண்டால், எளிமையாகச் சொல்வதென்றால், பஞ்சு பருப்பொருள், நூற்றல் செயல், ராஜபாளையம் இடம், 1936 காலம். வாசகரின் கேள்வியையும் இவ்வாறே பிரித்துப் பொருத்தலாம்.

ரங்கநாதன் வலியுறுத்திவந்த பொது நூலகச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1948இல் இயற்றப்பட்டது. அது 1950இல் நடைமுறைக்கு வந்தபோது முதலமைச்சராக இருந்தவர் ராஜபாளையத்தைச் சேர்ந்த பூ. ச. குமாரசாமி ராஜா.

கிரான்ஃபீல்டு சோதனைகள்

எந்த முறை சிறந்தது என்பதை அளந்து பார்க்க முனைந்தவர் இங்கிலாந்தில் கிரான்ஃபீல்டு வானூர்திக் கல்லூரியின் நூலகர் சிரில் கிளெவர்டன். 1950களின் இறுதியில் தொடங்கிய முதல் சோதனையில் 18,000 ஆவணங்களை நான்கு முறைகளில் அட்டவணைப்படுத்தினார். முகப்பகுப்பு முறையும் அவற்றுள் ஒன்று. நான்கின் முடிவுகளிலும் பெரிய வேறுபாடு தென்படவில்லை. 1960களில் 1,400 ஆவணங்களைக் கொண்டு நடந்த இரண்டாம் சோதனையில், வல்லுநர் வகுத்த தலைப்புகளைவிட ஆவணத்திலேயே உள்ள தனிச்சொற்கள் நன்றாகப் பயன்பட்டன. இது பலருக்கும் வியப்பளித்தது.

இச்சோதனைகள் நிலைநிறுத்திய அளவுகோல்கள் இரண்டு. ஒரு வினவலுக்குப் பொருத்தமான ஆவணங்கள் 10 இருப்பதாகக் கொள்வோம். தேடல் 20 ஆவணங்களைத் தருகிறது. அவற்றில் 8 பொருத்தமானவை. 10இல் 8 கிடைத்ததால் மீட்பளவு 80 விழுக்காடு. 20இல் 8 மட்டுமே பயன்பட்டதால் துல்லியம் 40 விழுக்காடு. பெரும்பாலும் ஒன்றைக் கூட்ட முயன்றால் மற்றொன்று குறையும்.

சொல்லுக்கு எடை

ஒரு சொல் ஆவணத்தில் எத்தனை முறை வருகிறது என்பது அதன் முக்கியத்துவத்தைக் காட்டும் என்று 1957இல் ஹான்ஸ் பீட்டர் லூன் கூறினார். அதற்கு மறுபக்கத்தை 1972இல் கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் காட்டினார்: குறைவான ஆவணங்களில் வரும் சொல்லுக்கே அதிக எடை தர வேண்டும்.

'பால்கோவா வரலாறு' என்னும் வினவலைப் பார்ப்போம். கணக்குக்காக, மொத்தம் 1,000 ஆவணங்களில் 'வரலாறு' 500இலும், 'பால்கோவா' 10இலும் வருவதாகக் கொள்வோம். 1,000ஐ இவ்வெண்களால் வகுத்தால் முறையே 2, 100 கிடைக்கும். இவற்றின் இரண்டடிமான மடக்கை 1, ஏறத்தாழ 6.6. எனவே 'பால்கோவா' என்ற சொல்லே தேடலுக்கு வழிகாட்டும்.

ஜெரார்டு சால்டன் குழுவினர் ஆவணத்தையும் வினவலையும் திசையன்களாகக் கருதி, அவற்றுக்கிடையேயுள்ள கோணத்தால் நெருக்கத்தை அளந்தனர். 1994இல் லண்டனில் ஸ்டீபன் ராபர்ட்சன் குழுவினர் உருவாக்கிய பிஎம்25 என்னும் வாய்பாடு, ஆவணத்தின் நீளத்தையும் கணக்கில் கொண்டது. ஒரு சொல்லை இருபது முறை எழுதியதால் மட்டும் மதிப்பு இருபது மடங்காவதில்லை.

தமிழில் எழும் சிக்கல்கள்

தமிழ்ச்சொல் வேற்றுமை உருபுகளை ஏற்று வடிவம் மாறுகிறது. 'ராஜபாளையத்தில்', 'ராஜபாளையத்துக்கு', 'ராஜபாளையத்திலிருந்து' ஆகியவை நமக்கு ஓர் ஊரையே குறிக்கின்றன; கணினிக்கு மூன்று வெவ்வேறு சொற்கள். எனவே உருபுகளை நீக்கி அடிச்சொல்லைக் காணும் நிரல் தேவை. அளவுக்கு மீறி வெட்டினாலும் பிழை நேரும். 'வில்லிபுத்தூரார்' என்பதன் ஈற்றை நீக்கினால் ஊர்ப்பெயர் மிஞ்சும். ஆனால் வில்லிபாரதம் பாடிய வில்லிபுத்தூரார் திருமுனைப்பாடி நாட்டவர்.

எழுத்து வேறுபாடு அடுத்த சிக்கல். ராஜபாளையம், இராஜபாளையம், இராசபாளையம். ஸ்ரீவில்லிபுத்தூர், ஸ்ரீவில்லிப்புத்தூர், திருவில்லிபுத்தூர் என எல்லா வடிவங்களும் அச்சில் உள்ளன. ஒருங்குறி பரவுவதற்கு முன் எழுத்துருவுக்கு எழுத்துரு குறியேற்றமும் வேறுபட்டது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்த சொற்களும் கணினியில் பொருந்தாமல் போயின. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றது. ஆயினும் மாற்றப்படாத பழைய கோப்புகள் இன்றும் தேடலுக்கு அகப்படுவதில்லை.

இந்திய மொழிகளுக்கான மீட்பு முறைகளைச் சோதிக்க, கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் முன்னின்று 2008இல் ஓர் ஆய்வரங்கைத் தொடங்கியது.

பொருள்வழித் தேடல்

2013க்குப் பின் சொற்களின் பொருள் நெருக்கத்தை எண்களாகக் கற்கும் முறைகள் பரவின. 2018இல் வெளிவந்த பன்மொழி பெர்ட் மாதிரியில் தமிழும் இடம்பெற்றது. இத்தகைய மாதிரி, சூழ்நிலைச் சொற்களைக் கொண்டு 'ராஜபாளையம்' ஊரா, நாயா என்று பிரித்தறிய முயல்கிறது. ஆனால் அது கற்பதற்கு நிறையத் தமிழ் உரை வேண்டும். பாசுரத்தின் 'புதுவை' ஸ்ரீவில்லிபுத்தூர்தான் என்று எவரேனும் எழுதி வைத்திருந்தால்தான் இயந்திரமும் அதை அறியும்.

தமிழில் கேள்வியைத் தட்டச்சு செய்யும் மாணவருக்கு விடை வராதபோது, அதைப் பற்றித் தமிழில் எவரும் எழுதவில்லை என்று அவர் முடிவு செய்துவிடுகிறார். பல வேளைகளில் நூல் இருக்கும். அவர் இட்ட சொல்லும் நூலில் உள்ள சொல்லும் பொருந்தியிருக்காது. ஆகவே தமிழில் கட்டுரை எழுதுவோர் ஒரு பெயரின் மாற்று வடிவங்களையும் பழம்பெயர்களையும் ஒருமுறையேனும் குறிப்பிடுவது பயன் தரும். வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்ற ரங்கநாதனின் விதி எழுதுபவருக்கும் உரியதே.