வாழ்விடத்துல 'இடம்' முக்கியமுங்க

வேளாங்கண்ணிக்காரனான எனக்கு, சென்னை நொச்சிக்குப்பத்துல மீனவர்கள் அடுக்குமாடியில குடியிருக்கறது முதல்ல ஆச்சரியமா இருந்தது. கொஞ்சம் கிளறினேன்.

1970-ல் கலைஞர் ஆட்சியில் குடிசை மாற்று வாரியம் வந்தது. அடுத்த வருஷம் சட்டம். குடிசை இருந்த இடத்துலயே மாடி வீடு என்பதுதான் ஆரம்பக் கொள்கை. வீடு சின்னதுதான். ஆனா கடல், சந்தை, பள்ளிக்கூடம் எல்லாம் நடக்கிற தூரம்.

2000 வாக்கில் கதை மாறிச்சு. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம்னு ஊருக்கு வெளியே அனுப்பினாங்க. 2004 சுனாமிக்கு அப்புறம் கடலோர மக்கள் பலரும் செம்மஞ்சேரி போனாங்க. மீன் விக்கிற அம்மா விடிகாலையில எந்த பஸ்ஸைப் பிடிப்பாங்க?

பழைய மாடிகளும் தளர்ந்தாச்சு. 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் ஒரு பிளாக் இடிஞ்சது; விரிசல் பார்த்து வெளியேறினதால உயிர் தப்பினாங்க. இடிச்சுக் கட்டத்தான் வேணும். லிப்ட் இருக்கா, எத்தனை சதுர அடின்னு கேக்கறதுக்கு முன்னாடி, 'அதே இடம்தானே?'ன்னு கேளுங்க மக்களே. வாரியத்தோட பேரே 2021-லிருந்து 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' ஆச்சே!