பெருங்குடல் புற்றுநோய்: மரபணுவில் விழும் பிழைகளும் குடும்பங்களில் மறைக்கப்படும் செய்திகளும்

"மலத்தோடு இரத்தம் வருகிறது ஹழ்ரத், ஒளு முறியுமா?"

பள்ளிவாசலில் இமாமத் செய்பவர்களுக்கும் மத்ரஸாவில் ஓதிக்கொடுப்பவர்களுக்கும் இது பழகிய கேள்வி. பின்வாயில் வழியே இரத்தம் வெளியானால் ஒளு முறியும். ஷாஃபி, ஹனஃபி இரண்டு மத்ஹபிலும் அதுதான் சட்டம். ஓயாமல் வடிந்துகொண்டே இருப்பவருக்கு தனிச் சலுகை உண்டு. இதைச் சொல்லிவிட்டு நாம் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். ஆனால் அந்த மனிதர், வீட்டில் மனைவியிடம்கூடச் சொல்லாத ஒன்றை தொழுகைக்காக நம்மிடம் சொல்லியிருக்கிறார். "டாக்டரிடம் காட்டினீர்களா?" என்று கேட்டால், "மூலம்தான் ஹழ்ரத், உடம்புச் சூடு" என்பார். "மூலம், பவுத்திரம்" என்று போர்டு மாட்டிய இடத்தில் ஏற்கெனவே லேகியமும் வாங்கியிருப்பார்.

பெரும்பாலும் அது மூலமாகத்தான் இருக்கும். சிலருக்கு அது பெருங்குடலிலோ மலக்குடலிலோ வளரும் புற்றுநோயின் முதல் அடையாளம். கண்ணால் பார்த்தோ வலியை வைத்தோ இரண்டையும் பிரித்தறிய முடியாது. இந்த நோய் மெதுவாக வளர்வது, வழியிலேயே பிடித்துவிடக்கூடியது. அப்படியிருந்தும் பலர் முற்றிய நிலையில்தான் மருத்துவமனைக்குப் போகிறார்கள். அதனால் நோய் எப்படி உருவாகிறது என்பதை சற்று விரிவாகவே பார்ப்போம்.

ஒரு மொட்டு புற்றாக மாறும் வழி

நம் உடலின் ஒவ்வொரு செல்லிலும் டிஎன்ஏ என்னும் ஏடு இருக்கிறது. சுமார் 300 கோடி எழுத்துகள். அதில் தாயிடமிருந்து ஒரு பிரதி, தந்தையிடமிருந்து ஒரு பிரதி. குடலின் உட்சுவரில் உள்ள செல்கள் நான்கைந்து நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து, புதியவை வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு புதிய செல்லுக்கும் அந்த ஏடு முழுவதும் நகல் எடுக்கப்பட வேண்டும். கிதாபுகளைக் கையால் எழுதிய காலத்தில் தேர்ந்த காத்திபுக்கும் கை பிசகும். இங்கேயும் எழுத்துப் பிழை விழுகிறது. அதைத்தான் மரபணுப் பிறழ்வு என்கிறார்கள். சில பிழைகள்தான் கேடு செய்யக்கூடிய இடத்தில் விழுகின்றன.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எரிக் ஃபியரான், பெர்ட் வோகல்ஸ்டீன் ஆகிய இருவரும் 1990-ல் வெளியிட்ட கட்டுரை இந்த நோயைப் பற்றிய பார்வையையே மாற்றியது. ஒரே நாளில், ஒரே பிழையால் புற்று வருவதில்லை. பல பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர வேண்டும் என்று அவர்கள் காட்டினார்கள்.

பெரும்பாலும் முதலில் கெடுவது ஏபிசி என்னும் மரபணு. இது 5-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. 1991-ல் அடையாளம் காணப்பட்டது. "வளர்ந்தது போதும், நில்" என்று செல்லுக்குச் சொல்வது இதன் வேலை. அதன் இரண்டு பிரதிகளும் கெட்டால், குடலின் உட்சுவரில் ஒரு சிறு மொட்டு தோன்றும். இதைத்தான் டாக்டர்கள் பாலிப் என்கிறார்கள். பெருங்குடல் புற்றுக் கட்டிகளில் ஏறத்தாழ 80 சதவீதத்தில் ஏபிசி கெட்டுப்போயிருப்பதைக் காணலாம். பிறகு கே-ராஸ் என்னும் மரபணு. இது ஒரு ஸ்விட்ச் போல. பிறழ்ந்துவிட்டால் அணையாமல் எரிந்துகொண்டே இருந்து, செல்லைப் பெருகச் சொல்லிக்கொண்டே இருக்கும். சுமார் 40 சதவீதக் கட்டிகளில் இப்படி ஆகியிருக்கிறது. கடைசிக் கட்டத்தில் டிபி53. டிஎன்ஏ சேதமான செல்லை நிறுத்திவைப்பதும், சரிசெய்ய முடியாதபோது அதைச் சாகச் செய்வதும் இதன் பொறுப்பு. இதுவும் போய்விட்டால் மொட்டு புற்றாகிறது.

மொட்டு தோன்றியதிலிருந்து புற்றாக மாறும் வரை பொதுவாக பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும். அல்லாஹ் கொடுத்திருக்கும் அவகாசம் இது. கொலோனோஸ்கோபி என்னும் குழாய்க் கேமராவால் பார்க்கும்போது மொட்டு தெரிந்தால், அப்போதே வெட்டி எடுத்துவிடலாம். வெட்டி எடுத்த மொட்டு புற்றாகப் போவதில்லை.

இந்தப் பிழைகளில் பெரும்பகுதி நாம் பிறந்தபின் நம் குடலில் மட்டும் நேர்பவை. பிள்ளைகளுக்குப் போகாது. வயது கூடுவதும் புகைப்பதும் குடிப்பதும் உடல் பருமனும் அபாயத்தைக் கூட்டுகின்றன. பதப்படுத்திய இறைச்சி புற்றை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2015-ல் அறிவித்தது. ஆடு, மாட்டு இறைச்சியை அதற்கு அடுத்த படியில், அநேகமாக உண்டாக்கலாம் என்ற வகையில் வைத்தது. வலீமா விருந்து ஹராமாகிவிட்டது என்று யாரும் இதைப் படிக்க வேண்டாம். தினமும் இறைச்சி இல்லாமல் சோறு இறங்காதவர்கள் கீரை, காய் பக்கமும் கை நீட்டினால் போதும்.

நரம்பு இழுத்துக்கொண்ட ஒட்டகம்

பிறக்கும்போதே பெற்றோரிடமிருந்து வரும் பிழையும் உண்டு. புகாரியில் ஒரு சம்பவம் இருக்கிறது. தமக்குக் கறுப்பு நிறத்தில் குழந்தை பிறந்துவிட்டதாக ஒரு கிராமவாசி நபி (ஸல்) அவர்களிடம் வந்து குறைப்பட்டார். உம்மிடம் ஒட்டகங்கள் உண்டா, என்ன நிறம், அவற்றில் சாம்பல் நிறத்தில் ஏதும் உண்டா என்று நபியவர்கள் கேட்டுக்கொண்டே போனார்கள். சிவப்பு ஒட்டகங்களுக்கு நடுவே அது எப்படி வந்தது என்று கேட்டபோது, மூதாதையின் நரம்பு ஏதாவது இழுத்திருக்கும் என்று அவரே சொன்னார். உம் பிள்ளையும் அப்படி இருக்கலாமே என்றார்கள் நபியவர்கள். மனைவியைச் சந்தேகிக்காதே என்பதுதான் அங்கே பாடம். ஆனால் தலைமுறை தாண்டி ஒன்று மறைந்து வரும் என்பது அந்த அரபிக்கும் தெரிந்திருந்தது.

1895-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆல்ட்ரெட் வார்த்தின் என்ற நோயியல் மருத்துவரிடம் அவருடைய தையற்காரப் பெண் பேசிக்கொண்டிருந்தார். "எங்கள் வீட்டில் எல்லாருமே குடலிலோ கர்ப்பப்பையிலோ புற்று வந்துதான் சாகிறார்கள், நானும் அப்படித்தான் போவேன்" என்ற பொருளில் வருத்தப்பட்டார். சொன்னபடியே இளம் வயதில் கர்ப்பப்பைப் புற்றால் இறந்தார். வார்த்தின் அந்தக் குடும்பத்தின் வம்சாவளியை வரைந்து 1913-ல் வெளியிட்டார். 1960-களில் ஹென்றி லிஞ்ச் என்ற மருத்துவர் இதேபோன்ற வேறு குடும்பங்களைத் தொகுத்தார். அவர் பெயரால்தான் இது லிஞ்ச் நோய்க்குறி எனப்படுகிறது. காரணமான முதல் மரபணு எம்.எஸ்.எச்.2 என்பது 1993-ல்தான் தெரிந்தது.

காத்திப் எழுதியதை மூலத்தோடு ஒப்பிட்டு தஸ்ஹீஹ் பார்க்க ஒருவர் இருப்பாரல்லவா? அந்த வேலையை டிஎன்ஏவில் செய்பவை எம்.எல்.எச்.1, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6, பி.எம்.எஸ்.2 ஆகிய நான்கு மரபணுக்கள். லிஞ்ச் குடும்பத்தில் பிறப்பவருக்கு இவற்றில் ஒன்றின் ஒரு பிரதி பழுதாகவே வருகிறது. பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆணோ பெண்ணோ, பாதிக்குப் பாதி வாய்ப்பு. பெருங்குடல் புற்றுநோயாளிகளில் நூற்றுக்கு சுமார் மூன்று பேர் இந்த வகை. எல்லாருக்கும் வந்தே தீரும் என்பதல்ல. ஆனால் வந்தால் ஐம்பது வயதுக்கு முன்பே வரக்கூடும். பெண்களுக்கு கர்ப்பப்பைப் புற்றாகவும் வரும். வேறொரு வகையில் ஏபிசி மரபணுவே பழுதாக வந்து, குடலில் நூற்றுக்கணக்கான மொட்டுகள் முளைக்கும். அதைக் கவனிக்காமல் விட்டால், நாற்பது வயதை ஒட்டி புற்று வருவது ஏறக்குறைய நிச்சயம்.

சொந்தத்தில் சம்பந்தம் செய்யும் நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய வகை இன்னொன்று. எம்.யு.டி.ஒய்.எச். என்ற மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதானால்தான் அது நோயாகிறது. 2002-ல் பிரிட்டனின் கார்டிஃப் நகரில் நடந்த ஆய்வில் இது வெளிப்பட்டது. அந்த ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் நதா அல்-தஸ்ஸான் என்ற சவூதிப் பெண் விஞ்ஞானி. இந்திய, பாகிஸ்தானிய வம்சாவளிக் குடும்பங்களிலும் இந்த மரபணுவில் பிறழ்வுகள் காணப்பட்டன. ஒரு பிரதி மட்டும் பழுதானவர் பெரும்பாலும் நலமாகவே இருப்பார். மாமா மகளையோ மாமி மகளையோ மணக்கும்போது, ஒரே நன்னாவிடமிருந்து வந்த அதே பழுது இருவரிடமும் இருக்கலாம். அப்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. லிஞ்ச் மரபணுக்களும் இப்படி இருபக்கமிருந்தும் ஒன்றே பழுதாக வந்தால், சிறு வயதிலேயே மூளை, இரத்தம், குடல் புற்றுகள் வரும். சொந்தத் திருமணத்தை மார்க்கம் அனுமதித்திருக்கிறது. அதைத் தடுப்பது நம் நோக்கமல்ல. குடும்பத்தில் ஒருவருக்கு இளம் வயதில் குடல் புற்று வந்திருந்தால், நிக்காஹுக்கு முன்பே மரபணு ஆலோசகரைப் பார்த்துவிடுங்கள் என்பதே வேண்டுகோள்.

சொல்லாமல் விடுவதன் விலை

"பெரியத்தா வயிற்று வலியில் மவுத்தானார்" என்பதற்கு மேல் பல வீடுகளில் பேச்சே இருக்காது. பெண் கேட்டு வருகிறவர்கள் ஓடிவிடுவார்கள் என்ற பயம். அந்தப் பயத்தை நாம் கேலி செய்யவில்லை. மகளைக் கரையேற்ற வேண்டிய பெற்றோரின் கவலை நமக்கும் தெரியும். அதே மகளின் உயிர்தான் இந்த மறைப்பில் தொங்குகிறது. லிஞ்ச் உள்ளவர்களுக்கு 20 முதல் 25 வயதுக்குள் கொலோனோஸ்கோபி தொடங்கி, ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். தம் வீட்டில் என்ன நோய் என்பதே தெரியாத பிள்ளை அந்த வயதில் பரிசோதனைக்குப் போவதெப்படி?

புறம் பேசுதல் ஹராம். ஆனால் சம்பந்தம் பேசும் இடத்தில் ஆலோசனை கேட்பவரிடம் உண்மையைச் சொல்வது புறமாகாது என்பதற்கு உலமாக்கள் காட்டும் ஆதாரம், ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள் தம்மைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி விசாரித்தபோது நபியவர்கள் ஒளிக்காமல் பதில் சொன்ன சம்பவம். ஊர் முழுக்கச் சொல்லத் தேவையில்லை. உடன்பிறந்தவருக்கும் பெற்ற பிள்ளைக்கும் சொல்லியே ஆக வேண்டும். ஒரு மரபணு பழுது என்பதற்காகச் சம்பந்தத்தை முறிப்பவர்களுக்கும் ஒன்று சொல்வோம்: தெரிந்து கண்காணிப்பில் இருப்பவரின் நிலை, தெரியாமல் இருப்பவரின் நிலையைவிட எவ்வளவோ மேல்.

மருத்துவரிடம் என்ன கேட்பது?

வீட்டில் யாருக்காவது பெருங்குடல் கட்டி அகற்றப்பட்டால், அந்த நான்கு திருத்த மரபணுக்களின் புரதங்கள் கட்டியில் இருக்கின்றனவா என்று பயாப்ஸியில் பார்த்தார்களா எனக் கேளுங்கள். ஒரு புரதம் இல்லை என்றால் மட்டும் உடனே பரம்பரை என்று முடிவுகட்ட முடியாது. வயதானவர்களுக்கு அது பிறப்புக்குப் பின்னும் நேரும். அடுத்து இரத்தத்தில் மரபணுப் பரிசோதனை செய்துதான் உறுதி செய்வார்கள்.

சிகிச்சைக்கும் இந்த விவரம் தேவை. கே-ராஸ் பிறழ்ந்த கட்டிகளில் செட்டுக்ஸிமாப் போன்ற மருந்துகள் பொதுவாக வேலை செய்வதில்லை. பார்க்காமல் போட்டால் பணமும் போய் நாளும் போகும். திருத்தும் மரபணுக்கள் பழுதான கட்டிகளோ நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் மருந்துகளுக்கு நன்றாகக் கட்டுப்படுகின்றன. 2022-ல் நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் இந்த வகை மலக்குடல் புற்று இருந்த 12 பேருக்கு அத்தகைய மருந்து மட்டும் கொடுத்ததில், அறுவையில்லாமலே 12 பேருக்கும் கட்டி மறைந்ததாக முதல் அறிக்கை வந்தது.

பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த நோய் வந்திருந்தால், நாற்பது வயதில், அல்லது அவர்களுக்கு நோய் தெரிந்த வயதுக்குப் பத்து வருடம் முன்னதாக, இரண்டில் எது முந்தியோ அப்போது பரிசோதனையைத் தொடங்க வேண்டும். குடும்பத்தில் யாருக்கும் இல்லை என்றாலும் 45-லிருந்து பார்க்கச் சொல்லி 2021 முதல் அமெரிக்காவில் பரிந்துரை உண்டு. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தத்தைக் கண்டறியும் எளிய சோதனையும் இருக்கிறது.

இன்னொரு விஷயம். மவுத்தானவரின் மருத்துவக் காகிதங்களை வீட்டைச் சுத்தம் செய்யும்போது எரித்துவிடுகிறார்கள். பயாப்ஸி அறிக்கையையாவது எடுத்து, நிலப்பத்திரம் வைத்திருக்கும் பையில் வையுங்கள். நோய் தெரிந்தபோது அவருக்கு என்ன வயது என்பதை அதன் பின்பக்கத்தில் எழுதிவிடுங்கள். பிள்ளைகளைப் பார்க்கும் மருத்துவர் முதலில் கேட்பது அதுதான்.